மரத்தில் கிளி எத்தனை?

ஒரு பயிற்சித்தாள். நடுவில் ஒரு மரம். இலைகளுக்கிடையே ஒளிந்திருக்கும் பறவைகளைத் தேடிக் கண்டுபிடித்து, எண்ணி, கீழேயுள்ள கட்டத்தில் எண்ணை எழுத வேண்டும். மரத்தில் இரண்டு பச்சைக்கிளிகள், இரண்டு சிட்டுக்குருவிகள், ஒரு மைனா. வகுப்பறை, மூணாறு மலையிலோ சித்தூர்ச் சமவெளியிலோ உள்ள தமிழ்வழி ஒன்றாம் வகுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியர் அன்போடுதான் கேட்கிறார்: "மரத்தில் எத்ர கிளிகளுண்டு?" தமிழ்க் குழந்தை தேடுகிறது, கண்டுபிடிக்கிறது, எண்ணுகிறது, 2 என்று எழுதுகிறது. விடைக்குறிப்பில் 5 என்று இருக்கிறது. தாளில் ஒரு சிவப்புப் பெருக்கல்குறி விழுகிறது. பதிவேட்டில் அந்தக் குழந்தையின் பெயருக்கு நேரே, ஐந்துவரை எண்ணும் திறன் அடையப்படவில்லை என்று குறிக்கப்படுகிறது.

குழந்தை எங்கே தவறியது? தேடலில் தவறவில்லை, எண்ணுவதிலும் தவறவில்லை. மலையாளத்தில் 'கிளி' என்றால் சிறு பறவை. பச்சைக்கிளிக்கு அங்கே 'தத்த' என்று தனிச்சொல் உண்டு. தமிழில் 'கிளி' என்றால் கிளி மட்டுமே. 'தத்தை' என்ற சொல் தமிழில் இலக்கியத்துக்குள் ஒதுங்கிவிட்டது. அது மலையாளக் குழந்தையின் வாயில் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஒரே வேரிலிருந்து வந்த இரு மொழிகளில் ஒரே ஒலியுடைய சொல் இரண்டு வேறு தொகுதிகளைச் சுட்டுகிறது. ஆசிரியர் கேட்ட கேள்விக்கு விடை 5. குழந்தை கேட்ட கேள்விக்கு விடை 2. இரண்டும் சரியான விடைகள். தவறு என்று எழுதப்பட்டது மட்டுமே தவறு.

இந்தச் சிறிய எடுத்துக்காட்டு, இன்று தொடக்கக் கல்விப் பயிற்சி அரங்குகளில் உலவும் ஒரு பெரிய நம்பிக்கையின் அடியில் கைவைக்கிறது. 'படத்திற்கு மொழி இல்லை. எண்ணுக்கும் மொழி இல்லை. ஆகவே மொழிச் சிறுபான்மை மாணவர்கள் பயிலும் வகுப்புகளுக்குத் தேடி எண்ணும் படங்களைவிடப் பொருத்தமான கருவி வேறில்லை' என்பதே அந்த நம்பிக்கை. கேட்பதற்கு இனிமையானது, செலவில்லாதது, யாரையும் எதற்கும் பொறுப்பாக்காதது. இவ்வளவு வசதியான ஒரு கருத்து உண்மையாகவும் இருக்கிறதா என்பதைக் கல்வியாளர்கள் ஒருமுறையாவது சோதித்திருக்க வேண்டும்.

2021 ஜூலையில் தொடங்கிய 'நிபுண் பாரத்' இயக்கம், மூன்றாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் 2026-27க்குள் கிடைக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. தமிழ்நாட்டில் 2022இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. கேரளத்தில் விளையாட்டு வழியே கணக்கைக் கற்பிக்க 'உல்லாச கணிதம்' இருக்கிறது. நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இலக்கு வந்தால் அளவீடு வரும். அளவீடு வந்தால் தாள் வரும். தாள் வந்தால், எளிதில் அச்சிட்டு எளிதில் திருத்தக்கூடிய தாளே எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்ளும். தேடி எண்ணும் படம் அப்படித்தான் பெருகியது. இணையத்திலிருந்து இறக்கி அச்சிட்டால் போதும். கட்டத்தில் எழுதிய எண்ணைப் பார்த்தால் போதும். குழந்தையோடு ஒரு சொல்கூடப் பேச வேண்டியதில்லை.

இந்த வாதம் தேடி எண்ணும் படத்திற்கு எதிரானது அன்று என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அது நல்ல கருவி. 1975இல் ஜப்பானின் மிட்சுமாசா அன்னோ வரைந்த எண்ணும் நூலில் கதைச் சொற்களே இல்லை. வெறும் பனிவெளியில் சுழியத்தோடு தொடங்கி, பன்னிரண்டு மாதங்களின் ஊடாக ஒரு சிற்றூர் வளர்கிறது. வீடுகள், மரங்கள், பறவைகள், மனிதர்கள் எல்லாம் பக்கத்தின் எண்ணுக்கேற்பப் பெருகுகின்றன. 1987இல் மார்ட்டின் ஹேண்ட்ஃபோர்டின் வாலியைத் தேடி உலகெங்கும் குழந்தைகள் பக்கங்களை அளைந்தார்கள். தமிழ் இதழ்களின் 'ஆறு வித்தியாசங்கள்' பகுதியில் கண்ணை ஓட்டாதவர் குறைவு. தேடல் தரும் இன்பம் உண்மையானது. பத்துக் கோலிகளை வரிசையாக வைத்து எண்ணச் சொன்னால் சலிக்கும் குழந்தை, படத்துக்குள் ஒளிந்திருக்கும் பத்து எறும்புகளை எண்ண மறுக்காது. சிக்கல் படத்தில் இல்லை. அதைப் பேச்சில்லாமல் பயன்படுத்துவதில் இருக்கிறது.

ஒரு தேடி எண்ணும் படத்தின் முன் அமரும் குழந்தை மூன்று வேலைகளை ஒருசேரச் செய்கிறது.

முதலாவது, தேடுதல். இது கண்ணும் கவனமும் சேர்ந்த வேலை. 1980இல் ஆன் டிரீஸ்மனும் கேரி ஜெலேடும் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. பச்சைப் பொருள்களுக்கிடையே ஒரே ஒரு சிவப்புப் பொருள் இருந்தால் அது தானே கண்ணில் படும். சுற்றிலும் எத்தனை பொருள்கள் இருந்தாலும் பெரிய வேறுபாடில்லை. ஆனால் நிறமும் வடிவமும் சேர்ந்த ஒன்றைத் தேடும்போது, சுற்றியுள்ள பொருள்கள் பெருகப் பெருக நேரமும் பெருகும். ஆகவே நெருக்கமாக வரையப்பட்ட படத்தில் ஒரு பொருள் விடுபட்டால், அது எண்ணறிவின் குறை அன்று, கவனத்தின் எல்லை. கிறுக்கலான நகல் அச்சில் கறுப்பு வெள்ளையாக வரும் தாளில் இந்தச் சுமை இன்னும் கூடுகிறது.

இரண்டாவது, எண்ணுதல். ரோஷல் கெல்மனும் ரேண்டி காலிஸ்டலும் 1978இல் எண்ணுதலின் ஐந்து நெறிகளை வகுத்தார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே ஒரு எண்பெயர். எண்பெயர்களின் வரிசை மாறாமை. கடைசியாகச் சொன்ன எண்பெயரே மொத்தத்தைக் குறிப்பது. எப்பொருளையும் எண்ணலாம் என்பது. எங்கிருந்து தொடங்கினாலும் விடை மாறாது என்பது. வரிசையில் உள்ள பொருள்களுக்குத் தொடக்கமும் முடிவும் கண்ணுக்குத் தெரியும். சிதறிக் கிடக்கும் பொருள்களுக்கு அவை இல்லை. எதை எண்ணியாயிற்று என்பதைக் குழந்தையே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இரட்டை எண்ணிக்கையும் விடுபடலும் இங்கேதான் நேர்கின்றன. தேடி எண்ணும் படத்தின் உண்மையான கற்பித்தல் மதிப்பும் இங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது, பெயரிடுதல். எதை எண்ண வேண்டும் என்று தீர்மானிப்பது இது. ஒரு பொருள் தொகுதிக்குள் வருமா வராதா என்பதைச் சொல்லின் பொருள் எல்லைதான் தீர்மானிக்கிறது. இந்த வேலை முழுக்க முழுக்க மொழியின் வேலை. இது முடியாமல் மற்ற இரண்டும் தொடங்கவே முடியாது.

கட்டத்தில் எழுதப்பட்ட ஒற்றை எண், இந்த மூன்றில் எது பிழைத்தது என்று ஒருபோதும் சொல்லாது. தேடல் பிழை, எண்ணல் பிழை, பெயர்ப் பிழை மூன்றுக்கும் தாளில் ஒரே பெருக்கல்குறிதான். முதற்பிழைக்கு நல்ல அச்சும் நேரமும் மருந்து. இரண்டாவதற்குக் கைப்பயிற்சி மருந்து. மூன்றாவதற்கு, குழந்தையின் மொழி தெரிந்த ஆசிரியரே மருந்து. நோய் எது என்று தெரியாமல் மூன்றுக்கும் 'இன்னும் பத்துத் தாள்' என்று மருந்தெழுதுவது எந்தக் கல்வியியல்?

எல்லைப்புறக் குழந்தைக்கு எண்பெயர்கள் பெரிய தடை அல்ல என்பதே இதில் வியப்பு. ஒன்று முதல் பத்துவரை தமிழும் மலையாளமும் ஏறத்தாழ ஒரே சொற்களையே எண்ணுகின்றன. பதினொன்றும் பன்னிரண்டும் அப்படியே. 'ஒன்பது' ஒன்றின் சாயலில் இருப்பதும், எண்பதுக்குப்பின் 'ஒன்பது' பெயரில் வராமல் 'தொண்ணூறு' என்று நூறு எட்டிப்பார்ப்பதும் இரு மொழிகளுக்கும் பொதுவான புதிர்கள். இன்னும் ஒரு படி மேலே சென்றால், தமிழ்க் குழந்தை வீட்டில் சொல்லும் 'அஞ்சு', 'ஒம்பது' ஆகியவை மலையாளத்தில் ஏட்டு வடிவங்களே. தமிழ் வகுப்பில் அவை கொச்சை; மலையாள வகுப்பில் அவை செம்மை. 'மூணு, நாலு, அஞ்சு' என்று விரலோடு ஓடிக்கொண்டிருக்கும் குழந்தையை இடைமறித்து, 'மூன்று, நான்கு, ஐந்து என்று சொல்' எனத் திருத்தும் தமிழாசிரியர், எண்ணிக்கையின் கயிற்றை நடுவில் அறுக்கிறார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெயர்ப் பிழைக்கு மலையாளம் மட்டும் காரணமன்று. ஏட்டுத் தமிழின் அதிகாரமும் காரணம்.

தடை எண்பெயர்களில் இல்லையென்றால் எங்கே இருக்கிறது? எண்களைச் சுற்றியுள்ள சொற்களில் இருக்கிறது. தேடி எண்ணும் படத்தின் கேள்விகள் பெரும்பாலும் இடம் குறிக்கும் சொற்களால் ஆனவை. தமிழ்க் குழந்தையின் 'மேலே', 'கீழே', 'வெளியே' ஆகியவை மலையாளத்தில் 'முகளில்', 'தாழெ', 'புறத்து'. ஆறு வயதில், முதல் மாதத்தில், இந்த மூன்று சொற்களில் ஒன்று தடுக்கினாலும் குழந்தை மேசைக்கு அடியில் உள்ள பூனைகளையும் மேலே உள்ள பூனைகளையும் சேர்த்து எண்ணிவிடும். தமிழ் 'எத்தனை' என்றும் 'எவ்வளவு' என்றும் பிரித்துக் கேட்கும் இடங்கள் இரண்டிலும் மலையாளம் 'எத்ர' என்ற ஒரே சொல்லால் கேட்கும்.

வினைச்சொல்லிலும் ஒரு வேறுபாடு ஒளிந்திருக்கிறது. படத்தில் மூன்று சிறுமிகளும் இரண்டு ஆடுகளும் இருக்கின்றன. 'எத்தனை இருக்கு?' என்று கேட்டால் தமிழ்க் குழந்தை ஆட்டைப் பார்க்கும். 'எத்தனை பேர் இருக்காங்க?' என்று கேட்டால் சிறுமிகளைப் பார்க்கும். உயர்திணை, அஃறிணை என்ற பாகுபாடு இலக்கண வகுப்புக்கு முன்பே அதன் காதில் ஏறியிருக்கிறது. எதை எண்ணுவது என்பதை வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடுகிறது. மலையாள வினைமுற்று திணை, பால், எண் காட்டுவதில்லை; 'உண்டு' என்பது எல்லாவற்றுக்கும் பொது. ஒரு மொழியின் வாக்கியம் தரும் துப்பை இன்னொரு மொழியின் வாக்கியம் தராது. படத்திற்கு மொழி இல்லை என்று சொல்பவர்கள் படத்தை மட்டுமே பார்த்தவர்கள். அதன் கீழே எழுதியிருக்கும் கேள்வியைப் பார்க்காதவர்கள்.

பாலக்காட்டின் முதலமடை மாந்தோப்புகளுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்குள்ள குழந்தைக்கு ஒரு மாமரப் படத்தைக் கொடுத்து, அதில் பச்சையாய் நான்கு, மஞ்சளாய் மூன்று தொங்கவிட்டு, 'மாங்ங எத்ர?' என்று கேட்டால் மலையாள விடை 7. 'மாங்காய் எத்தனை?' என்று அதையே தமிழாக்கினால் விடை 4. தமிழில் காய் வேறு, பழம் வேறு. மலையாளத்தின் 'மாங்ங' காயையும் பழத்தையும் தழுவிக்கொள்ளும். மொழிபெயர்ப்பு பிழையற்றது, ஒலியும் வேரும் பொருந்துகின்றன, விடைக்குறிப்பு மட்டும் பொய்யாகிவிடுகிறது.

கேரள மாநிலக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம் தமிழ்வழி மாணவர்களுக்குத் தமிழில் பாடநூல்களை வெளியிடுகிறது. எத்தனையோ மாநிலங்களில் சிறுபான்மை மொழிக்குக் கிடைக்காத வசதி இது; அதை மறைப்பது நேர்மையன்று. ஆனால் எண்ணும் படத்தை மொழிபெயர்ப்பவர் சொற்களை மாற்றினால் மட்டும் போதாது. புதிய மொழியில் படத்தை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். பாடநூலுக்கு இது பொருந்துமானால், யார் மொழிபெயர்த்தார் என்றே தெரியாமல் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவி வகுப்பறைக்கு வரும் பயிற்சித்தாளுக்கு எவ்வளவு பொருந்தும்!

'எண் எல்லோருக்கும் பொதுவானது. அது மொழிக்கு அப்பாற்பட்டது' என்று மறுப்பவர்கள் உண்டு. பாதி உண்மை. மூன்று நான்கு பொருள்கள்வரை ஒரே பார்வையில் அறியும் திறன் பேச்சுக்கு முந்தையது. பெருந்தொகுதிகளில் எது மிகுதி என்று தோராயமாக ஒப்பிடும் திறனும் அப்படியே. பிரேசிலின் முண்டுருக்கு மக்களிடையே பியர் பிக்காவும் அவர் குழுவினரும் செய்து 2004இல் வெளியான ஆய்வு, ஐந்துக்கு மேல் எண்பெயர் இல்லாத மொழியினர் பெருந்தொகைகளைத் தோராயமாகச் சரியாகவே ஒப்பிட்டார்கள், துல்லியக் கணக்கில்தான் தடுமாறினார்கள் என்று காட்டியது. துல்லியமாக எண்ணுவது சொல்லைப் பற்றிக்கொண்டே நடக்கிறது. கேரன் வின் 1990இல் காட்டியதும் இதையொட்டியதே: பத்துவரை தங்குதடையின்றி ஒப்பிக்கும் குழந்தையிடம் 'நான்கு பொம்மை எடுத்துக் கொடு' என்றால் கைக்கு வந்ததை அள்ளிக் கொடுக்கும். எண்பெயரின் பொருள் மெல்ல மெல்ல, ஒவ்வொன்றாகவே விளங்குகிறது. அது பேச்சின் நடுவில் விளங்குவது.

படமும் பொதுமொழி அன்று. 1960இல் வில்லியம் ஹட்சன் தென்னாப்பிரிக்காவில் வேடன், மான், யானை உள்ள படங்களைக் காட்டி, தொலைவில் இருப்பதால் சிறிதாக வரையப்பட்ட யானையைப் பார்ப்பவர்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று ஆராய்ந்தார். தட்டையான தாளில் ஆழத்தைக் காண்பது பழக்கத்தால் வருவது என்று அந்த ஆய்வு சொன்னது. அந்தப் படங்களும் கேட்ட கேள்விகளுமே விடைகளைக் கோணலாக்கின என்று பின்னால் வந்தவர்கள் அதையே திருத்தினார்கள். இரண்டு முடிவுகளில் எதை எடுத்துக்கொண்டாலும் பாடம் ஒன்றுதான்: தவறான விடைக்குப் பொறுப்பு எப்போதும் விடையளித்தவர்மேல் மட்டுமே விழாது.

இது தற்செயலாக நேர்ந்த மொழிக் கலப்பு அன்று. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழர் செறிந்து வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் நின்றன. கொச்சி சமஸ்தானத்தில் இருந்த சித்தூரும் கேரளத்தோடு சென்றது. எல்லைக்கோட்டை எங்கே போட்டாலும் சிலர் மறுபுறம் நிற்பார்கள் என்பதை அறிந்தே, அதே ஆண்டின் ஏழாவது திருத்தம் அரசமைப்பில் 350அ பிரிவைச் சேர்த்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிவழிக் கல்விக்குப் போதிய வசதி செய்துதர ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது அது. இயன்ற வரையில் பயிற்றுமொழி குழந்தையின் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 29ஆம் பிரிவில் மீண்டும் சொல்கிறது. 'போதிய வசதி' என்பது தமிழில் அச்சிட்ட நூலோடு முடிவதில்லை. அந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தையோடு பேசத் தெரிந்த ஆசிரியரும் அதில் அடக்கம். காசர்கோட்டில் கன்னடவழி வகுப்புகளுக்குக் கன்னடம் அறியாத ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டபோது மாணவர்களும் பெற்றோரும் தெருவில் இறங்கினார்கள். சொற்களற்ற பயிற்சித்தாள் அந்தப் போராட்டத்துக்கான காரணத்தைக் கண்ணிலிருந்து மறைத்துவிடும். வகுப்பு அமைதியாக இருக்கும், கட்டங்கள் நிரம்பும், மொழி தெரியாத ஆசிரியரை நியமித்ததால் எந்தக் குறையும் நேரவில்லை என்பதற்குத் தாள்களே சான்றாகிவிடும். 'படத்திற்கு மொழி இல்லை' என்ற வாசகத்தின் அரசியல் பயன் இதுதான்.

இங்கே ஆசிரியரைக் குற்றவாளியாக்குவது எளிது, ஆனால் அநீதி. பல வகுப்புகளை ஒருவரே பார்த்துக்கொள்ளும் மலைப்பள்ளியில், ஒரு வகுப்புக்குப் பாடம் நடக்கும்போது மறுவகுப்பின் கைகளுக்கு ஏதேனும் வேலை வேண்டும். தாள் அந்த வேலையைச் செய்கிறது. செய்யட்டும். ஆனால் அது பொழுதைக் கடத்தும் வேலை என்று ஒப்புக்கொண்டு கொடுக்கப்பட வேண்டும். பொழுது கடத்தக் கொடுத்த தாளை மாலையில் மதிப்பீடாக்கிப் பதிவேட்டில் ஏற்றுவதுதான் மோசடி. அந்த மோசடி ஆசிரியரிடமிருந்து தொடங்குவதில்லை. எண்ணிக்கை கேட்டு மேலிருந்து வரும் படிவத்திலிருந்து தொடங்குகிறது.

தமிழ்ப் பற்றாளர்களும் இதை மலையாளத்துக்கு எதிரான வழக்காக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அட்டப்பாடியின் இருளக் குழந்தைக்கும் இடமலைக்குடியின் முதுவக் குழந்தைக்கும் தமிழும் பள்ளி மொழியே. வீட்டு மொழி அன்று. 'தமிழுக்கு மிக நெருக்கமானதுதானே' என்று தட்டிக்கழிப்பது, 'மலையாளத்துக்கு மிக நெருக்கமானதுதானே தமிழ்' என்று அங்கே சொல்லப்படுவதன் மறுபதிப்பு. நெருக்கமான மொழிகளிடையேதான் பெயர்ப் பிழை கண்ணுக்குப் படாமல் நிகழ்கிறது. முற்றிலும் தெரியாத சொல்லைக் கேட்டால் குழந்தை விழிக்கும், ஆசிரியருக்கு உறைக்கும். தெரிந்த சொல்போல் ஒலிக்கும் சொல்லைக் கேட்டால் குழந்தை தன்னம்பிக்கையோடு விடை எழுதும். யாருக்கும் எதுவும் உறைக்காது. கூடலூரில் தமிழ்வழி வகுப்பில் அமரும் மலையாளக் குழந்தை, 'கிளி எத்தனை?' என்ற கேள்விக்கு 5 என்று எழுதித் தமிழாசிரியரிடம் அதே பெருக்கல்குறியை வாங்கலாம். நீதி இருபக்கமும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு விடை, புதிய திட்டமோ புதிய நிதியோ அன்று. படத்தை எண்ணத் தொடங்குமுன் அதைப் பற்றிப் பேச வேண்டும்: இது என்ன, உங்கள் வீட்டில் இதற்கு என்ன பெயர், அம்மா என்ன சொல்வார், ஆசிரியர் என்ன சொல்கிறார். இரண்டு பெயர்களும் கரும்பலகையில் ஏறட்டும். கண்டுபிடித்த ஒவ்வொன்றின்மேலும் குழந்தை ஒரு புளியங்கொட்டையை வைக்கட்டும். தேடி முடித்தபின் கொட்டைகளை எடுத்து வரிசையாக அடுக்கி எண்ணட்டும். படத்தில் கொட்டை விழாத இடம் தேடல் பிழை. கொட்டைகள் சரியாக இருந்து எண் மாறினால் அது எண்ணல் பிழை. குருவியின்மேல் ஒன்றுகூட விழாமல் கிளியின்மேல் மட்டும் விழுந்திருந்தால் அது பெயர்ப் பிழை. அது பிழையே அன்று. ஒரு கைப்பிடிப் புளியங்கொட்டை செய்யும் இந்த வேலையை எந்த அச்சுத்தாளும் செய்யாது. இரண்டு குழந்தைகளுக்கு ஒரே தாளைக் கொடுத்து, விடை வேறுபட்டால் வாதாடச் சொன்னால், ஆசிரியர் இல்லாத நேரத்திலும் பேச்சு நடக்கும். விடை எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில், 'எவற்றையெல்லாம் எண்ணினாய்?' என்ற ஒரே ஒரு கேள்வி இருந்தால், திருத்துபவருக்குப் பாதி உண்மை தெரிந்துவிடும்.

பேசிக்கொண்டே எண்ணுவது இம்மண்ணுக்குப் புதியதும் அன்று. களத்தில் நெல் அளப்பவர் முதற்படியை 'ஒன்று' என்னாமல் 'லாபம்' என்று பாடித் தொடங்குவார். தாயக்கட்டையில் ஒன்று விழுந்தால் அது 'தாயம்'. ஏழு புள்ளி ஏழு வரிசை என்று வாயால் சொல்லிக்கொண்டே வாசலில் கோலப்புள்ளி வைக்கும் அக்காவின் அருகில் குந்தியிருக்கும் தம்பி, படத்துக்கும் எண்ணுக்குமுள்ள உறவைப் பள்ளிக்கு வருமுன்பே பார்த்துவிடுகிறான். கொழுந்துக்கூடை, லயத்து வாசல்கள், வட்டவடையின் பூண்டுக் கட்டுகள், வேலந்தாவளத்துக் காய்கறிச் சந்தை, தென்னந்தோப்பில் குவித்த தேங்காய் ஆகியவற்றை ஆசிரியரே கரும்பலகையில் கோணல்மாணலாக வரைந்தாலும் போதும். அன்னிய நாட்டுப் பனிமனிதனும் கலைமானும் கூடாதென்பதில்லை. பனிக்காலத்தில் புல்வெளியில் உறைபனி படர்வதை மூணாற்றுக் குழந்தை தன் காலாலேயே அறியும். பெயர் தெரியாத பொருளைப் பெயர் சொல்லிப் பழக்காமல் எண்ணச் சொல்வதுதான் கூடாது.

இதே மலையில் பெரியவர்களும் தேடி எண்ணும் புதிர் ஒன்றை ஆண்டுதோறும் விடுவிக்கிறார்கள். இரவிகுளத்தின் பாறைச்சரிவுகளில், பாறை நிறத்திலேயே ஒளிந்து நிற்கும் வரையாடுகளைக் கணக்கெடுப்பது அது. யாரும் ஒரு தாளைக் கொடுத்துக் கட்டத்தை நிரப்பச் சொல்வதில்லை. காட்டைப் பகுதிகளாகப் பிரிக்கிறார்கள். ஒரே ஆட்டை இருவர் எண்ணிவிடாதபடி குழுக்கள் ஒரே நேரத்தில் இறங்குகின்றன. குட்டி எது, வளர்ந்தது எது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்துகொள்கிறார்கள். 2025 ஏப்ரலில் கேரளமும் தமிழ்நாடும் ஒரே நாள்களில் சேர்ந்தே இந்தக் கணக்கெடுப்பை நடத்தின. வரையாட்டுக்கு எல்லைக்கோடு தெரியாது என்பதால் இரு மாநிலங்களும் கூடிப் பேசி, எண்ணும் முறையை ஒன்றாக வகுத்துக்கொண்டன. எதை எண்ணுகிறோம் என்பதில் உடன்பாடில்லாமல் எண்ணத் தொடங்கினால் கணக்கு பொய்யாகும் என்பதை இரு அரசுகளும் ஆட்டின் பொருட்டு அறிந்திருக்கின்றன. அதே மலையில், அதே எல்லையில் வாழும் ஆறு வயதுக் குழந்தையின் பொருட்டு ஏன் அறியவில்லை?

இந்தக் கேள்வி அரசுகளோடு நிற்பதன்று. பல்கலைக்கழக மொழியியல் துறைகளையும் நோக்கியது. எல்லைப்புறத் தமிழின் ஒலிமாற்றங்களும் கடன்சொற்களும் ஆய்வேடுகளில் அட்டவணையாகி, பட்டம் பெற்றுத் தந்து, அலமாரிக்குப் போய்ச் சேர்கின்றன. கிளி, மாங்ங, முகளில், எத்ர என்று, ஒன்றாம் வகுப்புப் படங்களில் வரக்கூடிய இருநூறு சொற்களுக்குத் தமிழிலும் மலையாளத்திலும் பொருள் எல்லை எங்கே ஒன்றுபடுகிறது, எங்கே விலகுகிறது என்று காட்டும் ஒரு சிறு பட்டியல் நான்கு பக்கத்தில் அடங்கிவிடும். அதை எழுதப் பெரிய கோட்பாடு எதுவும் தேவையில்லை. இரு மொழியும் தெரிந்த ஓர் ஆய்வு மாணவரும், கொழிஞ்சாம்பாறையிலோ மறையூரிலோ ஒன்றாம் வகுப்பு எடுக்கும் ஓர் ஆசிரியரும் சேர்ந்து அமர்ந்தால் சில வாரங்களில் முடிந்துவிடும். அது ஆசிரியரின் மேசையில் இருந்தால், 2 என்று எழுதிய குழந்தையிடம் பெருக்கல்குறி போடுமுன் ஒரு கேள்வி கேட்கப்படும்: 'நீ எதையெல்லாம் எண்ணினாய்? காட்டு.' குழந்தை இரண்டு பச்சைக்கிளிகளையும் விரலால் தொட்டுக் காட்டும். அதன்பின் அந்தத் தாளில் சிவப்பு மை விழாது.